ஜப்பான் விட்டில்

எங்கள் தீவில், சாங்ரே கிராண்டே ஊரில் கார் ஓட்டத் தெரிந்தவர்களை வரிசையாக நிறுத்தினால், பாதிப் பேருக்கு மிஸ் லாலிதான் ஸ்டியரிங் பிடிக்கச் சொல்லித் தந்திருப்பாள். யூலாலி லெசாமா என்பது ஞானஸ்நானப் பெயர். அது அவளுக்கே மறந்துபோய்விட்டது. நாற்பத்திரண்டு வயது. ஒல்லியான உடம்பு, அந்த உடம்புக்குப் பொருந்தாத கனத்த குரல். வாரம் முழுக்க, கூரையில் பலகை வைத்த சாம்பல் நிறச் சின்னக் காரில், பக்கத்து இருக்கையில் உட்கார்ந்துகொண்டு, அடுத்தவர் பயத்தையெல்லாம் தன் மடியில் வாங்கி வைத்துக்கொண்டு ஊரைச் சுற்றுவாள்.

சாயங்கால வகுப்புக்கு வருகிறவர்களிடம் அவள் சொல்வது எப்போதும் ஒன்றுதான்.

"எதிர்ல வர்ற லைட்டைப் பாக்காதே. பாத்தா அது உன்னை இழுத்துக்கும். உன் இடப்பக்கம் ரோட்டோரமா வெள்ளைக்கோடு இருக்கு பாரு, அதைப் பிடிச்சுக்கிட்டே போ. கோடு உன்னை ஏமாத்தாது."

ஞாயிற்றுக்கிழமை மட்டும் அவள் வேறு ஆள். வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் அவளுக்காக ஒரு கார் காத்திருக்கும். ஜப்பானில் யாரோ ஆசை தீர ஓட்டிவிட்டு விற்று, கப்பலேறி வந்த இரண்டு கதவு ஸ்போர்ட்ஸ் கார். கிறிஸ்துமஸுக்குக் காய்ச்சுகிற சோரல் பானத்தின் சிவப்பு. தரையோடு தரையாகப் பதுங்கி நிற்கும். அதில் ஏறிச் சாவியைத் திருப்பிவிட்டால் மிஸ் லாலிக்குப் பதினெட்டு வயது.

அந்தக் காரை அவளுக்குத் தேடிக் கொடுத்தவன் கெர்வின். வலென்சியாவில் கேரேஜ் வைத்திருக்கும் மெக்கானிக். ஒன்பது வருஷமாக அவளுடைய இரண்டு கார்களையும் பார்த்துக்கொள்கிறவன் அவன்தான், அவளையும் அவன்தான். கல்யாணம் என்ற சொல்லை அவன் வாயிலிருந்து வரவழைக்க அந்த ஒன்பது வருஷமும் தேவைப்பட்டது. போன கிறிஸ்துமஸ் அன்று மோதிரத்தைக் கையில் போட்டு, "ஈஸ்டர் கழியட்டும், டூடூ. கோயில்ல வச்சே முடிச்சுடலாம்," என்றான். டூடூ என்றால் கண்ணே, செல்லமே என்கிற மாதிரி. அந்த ஒரு சொல்லுக்காக லாலி ஒன்பது வருஷமும் காத்திருக்கத் தயாராக இருந்தாள், காத்தும் இருந்தாள்.

மறுநாளே கல்யாணக் கேக்குக்குத் திராட்சையும் பிளம்ஸும் வாங்கி, பெரிய கண்ணாடி ஜாடியில் ரம் ஊற்றி ஊறப்போட்டாள். சமையலறைக்குப் போகும்போதெல்லாம் மூடியைத் திறந்து ஒருமுறை முகர்ந்துவிட்டு மூடுவாள். கோயில் வாசலிலிருந்தே இருவரும் அந்தச் சிவப்புக் காரில் கிளம்ப வேண்டும். மன்சனில்லா தென்னை வரிசைக்கு நடுவே, ஒரு பக்கம் கடல் இரைய, விளக்கு வைக்கிற நேரத்தில் மயாரோவுக்குப் போய்ச் சேர வேண்டும். அவள் வாழ்க்கையில் கேட்டது அவ்வளவுதான்.

அதற்கு ஒரே தடை காரின் ஹெட்லைட்டுகள். வெயில் பட்டுப் பட்டு அவற்றின் மேல்மூடி மஞ்சளடித்து, கண்ணில் புரை விழுந்த கிழவரைப் போல ஆகியிருந்தது. பற்பசை தேய்த்துப் பார்த்தாள். உப்புத்தாள் போட்டுப் பார்த்தாள். ஒரு மழைக்காலம் தாங்கும், பிறகு பழைய குருடுதான்.

"வெள்ளை பல்பு ரெண்டு வாங்கி மாட்டிட்டாப் போச்சு," என்றான் கெர்வின். "பகல் மாதிரி அடிக்கும்."

"எனக்கா அடிக்கும்? எதிர்ல வர்றவன் கண்ணுல அடிக்கும். இந்தக் கிண்ணம் அந்த பல்புக்குச் செஞ்சது இல்ல, கெர்வின். வெளிச்சம் நாலாபக்கமும் சிதறும்."

"சரிங்க டீச்சர்," என்று அவன் கும்பிட்டான். "நீயே போய்த் தேடு. நீ காட்டுறதை நான் மாட்டுறேன்."

அரூகாவில் சூக்தியோவின் யார்டு. ஜப்பானில் பாதியாக வெட்டி அனுப்பிய கார்களின் முன்பாகங்கள் அங்கே மலைபோலக் குவிந்து கிடக்கும். எஞ்சின் தேடுகிறவன், கதவு தேடுகிறவன், கண்ணாடி தேடுகிறவன் என்று எல்லோரும் அங்கேதான் வருவார்கள். சூக்தியோ தொப்பையைத் தடவிக்கொண்டு ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் அரசாட்சி செய்வான்.

"மிஸ் லாலி, உங்களுக்குன்னே புத்தம் புதுசு ஒரு ஜோடி வச்சிருக்கேன். மயாமியிலேருந்து வந்தது. டப்பா கூடப் பிரிக்கல. விலையும் பாதி."

லாலி டப்பாவைப் பிரித்துப் பார்த்துவிட்டுத் திருப்பி வைத்தாள்.

"இது வலப்பக்கம் ஓட்டுற ஊர்க்காரன் லைட்டு, சூக்தியோ. நம்ம லைட்டு டிம்ல இருக்கும்போது இடப்பக்க ஓரம் மட்டும் கொஞ்சம் மேல ஏறி நிக்கும், நடந்து போறவனைக் காட்டுறதுக்கு. இதுல வலப்பக்கம் ஏறும். எதிர்ல வர்றவன் கண்ணுக்கு நேரா."

"தீவுல பாதி வண்டியில இதுதான் ஓடுது மிஸ். யாரு பாக்கப் போறா?"

"நான் பாப்பேன்."

"உங்களைக் கட்டிக்கப் போறவன் பாவம்," என்று சொல்லிச் சூக்தியோ சிரித்தான். அவளுக்கும் சிரிப்பு வந்தது.

அன்று வெயிலில் குவியல் குவியலாக ஏறி இறங்கினாள். ஒன்றில் கொக்கி உடைந்திருக்கும், ஒன்றில் உள்ளே நீர் கோத்திருக்கும், நன்றாக இருந்தால் ஜோடி கிடைக்காது. கடைசியில் ஒரு நசுங்காத முன்பாகத்தின் அடியில், தூசிக்குள், அவள் தேடியது கிடைத்தது. ஜப்பானிலேயே அந்தக் காருக்கென்று செய்த ஜோடி. உள்ளே உருண்டை லென்ஸ் வைத்தது. சட்டை நுனியால் துடைத்தபோது கண்ணாடி சுனைநீர் போலத் தெளிந்தது.

வலப்பக்க விளக்கின் உள்ளே, ஒரு மூலையில், ஒரு விட்டில் பூச்சி இருந்தது. இளம்பச்சை. ஒற்றைச் சிறகை விரித்தபடி காய்ந்துபோய், ஆனால் சிதையாமல். ஏதோ ஒரு ஜப்பானியக் கோடையில் வெளிச்சத்தைத் தேடி எப்படியோ உள்ளே நுழைந்து, திரும்பும் வழி தெரியாமல் அங்கேயே உயிரை விட்டிருக்கிறது.

"திறந்து எடுத்துக் குடுத்துடவா?" என்றான் சூக்தியோ.

"தொடாதே. மூடியைத் திறந்தா ஒட்டு விட்டுப்போகும், மழைத்தண்ணி உள்ள போகும். அது பாட்டுக்கு இருக்கட்டும். எவ்வளவு தூரம் வந்திருக்கு பாவம்."

ஒரு வருஷத்துச் சனிக்கிழமை வகுப்புப் பணம் முழுக்க அதற்குப் போனது. வருத்தமே இல்லை. கெர்வின் தன் பிக்கப்பில் வந்து இரண்டு விளக்குகளையும் பழைய போர்வையில் சுற்றி ஏற்றிக்கொண்டான். அவனிடமும் அதையே சொன்னாள். "விட்டில் இருக்கு பாரு. நான் நாளெல்லாம் தேடி எடுத்தது. திறந்துடாதே." "குழந்தையைக் குடுத்து அனுப்புற மாதிரி பேசுறியே, டூடூ," என்று அவன் அவள் நெற்றியில் முத்தமிட்டான்.

அந்த வாரக் கடைசியில் கேரேஜிலிருந்து கார் வந்தது. சிவப்புக் காரின் முகத்தில் இரண்டு புத்தம் புதிய கண்கள். லாலி ஓடிப்போய் வலப்பக்க விளக்கின் முன்னால் குந்தினாள். மூலை காலியாக இருந்தது.

"விட்டில் எங்கே?"

"அசிங்கமா இருந்துச்சு. கல்யாண வண்டியில செத்த பூச்சி எதுக்கு? அதான் திறந்து, சுத்தம் பண்ணி, நல்ல பசை வச்சு மூடிட்டேன். ஒரு சொட்டுத் தண்ணி போகாது."

நெஞ்சில் சின்னதாக ஒன்று நெருடியது. ஒரு காய்ந்த பூச்சிக்காக ஒன்பது வருஷத்து மனிதனிடம் மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொள்ளவா முடியும்? தனக்காக அவன் கூடுதல் வேலையல்லவா செய்திருக்கிறான். அவள் அவனைக் கட்டிக்கொண்டாள். அவன் சட்டையில் கிரீஸ் வாடை. அந்த வாடையைத்தான் வீட்டு வாடை என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகுதான் சாலையில் அதிசயம் நடக்க ஆரம்பித்தது.

முன்னால் போலீஸ் நின்றால் எதிரே வருகிற வண்டிக்கு லைட்டை அடித்துக் காட்டுவது எங்கள் தீவில் எல்லோருக்கும் ரத்தத்தில் ஊறிய பழக்கம். முகம் தெரியாது, பேர் தெரியாது, ஆனாலும் அடித்துக் காட்டுவார்கள். வாங்கியவன் வேகத்தைக் குறைத்து, பெல்ட்டை மாட்டி, பூனைக்குட்டி போலப் போவான்.

முதல் சாயங்காலம் லாலி சிவப்புக் காரை எடுத்துக்கொண்டு வலென்சியா பக்கம் போனாள். எதிரே வந்த லாரி லைட்டை அடித்துக் காட்டியது. நன்றி சொல்லிக் கையை அசைத்து, வேகத்தைக் குறைத்தாள். அடுத்த காரும் காட்டியது. அதற்கடுத்ததும் காட்டியது. இன்னும் குறைத்தாள். பின்னால் ஹாரன் அலறியது. சாலை முழுக்கத் தேடிப் பார்த்தாள், ஒரு போலீஸ்காரனும் இல்லை.

அடுத்து வந்த நாட்களிலும் அதே கதை. தவக்காலத்தில் போலீஸுக்கு என்ன இத்தனை பக்தி என்று நினைத்துக்கொண்டாள். ஸ்போர்ட்ஸ் காரில் மாட்டுவண்டி வேகத்தில் போய்க்கொண்டிருந்த மிஸ் லாலியைப் பார்த்து ஊரே சிரித்தது.

வலென்சியா சந்திப்பில் ஒரு மேக்ஸி வேன் டிரைவர், அவளிடம் படித்துத் தேறியவன், கண்ணைக் கசக்கிக்கொண்டே வந்து அவள் ஜன்னலில் குனிந்தான்.

"மிஸ், ஊருக்கெல்லாம் டிம் அடி, டிம் அடின்னு பாடம் எடுத்துட்டு, நீங்க எங்களைக் குருடாக்குறீங்களே, நியாயமா?"

"டிம்லதான்பா போட்டிருக்கேன்."

"அப்ப உங்க டிம்முக்கு யாராச்சும் பாடம் எடுங்க. நாலு தடவை அடிச்சுக் காட்டுனேன். நீங்க ராணி மாதிரி கை ஆட்டிட்டுப் போறீங்க."

லாலிக்கு முகம் சுருங்கிப்போனது. இத்தனை நாளும் அந்த வெளிச்சமெல்லாம் எச்சரிக்கை இல்லையா? திட்டா?

நேராகச் சமூகக்கூடத்துக்கு ஓட்டினாள். அதன் வெள்ளைச் சுவர்தான் அவளுடைய கரும்பலகை. எத்தனையோ பேரை அதன் முன்னால் நிறுத்தி, வெளிச்சம் எப்படி விழ வேண்டும் என்று காட்டியிருக்கிறாள். இருட்டு மெல்லக் கவிந்துகொண்டிருந்தது. காரை நிறுத்தி டிம்மில் போட்டு இறங்கினாள்.

சுவரில் ஒரு தட்டையான கோடு விழுந்தது. அந்தக் கோடு வலப்பக்கம் போய் மேலே ஏறியது.

அவள் இடக்கையைத் தூக்கிப் பார்த்தாள், வலக்கையைத் தூக்கிப் பார்த்தாள், முதல் நாள் வகுப்புக்கு வந்தவளைப் போல. சந்தேகமே இல்லை. மூடியைத் திறந்து சுத்தம் செய்தால் வெளிச்சம் பக்கம் மாறுமா? ஜப்பான் விளக்கு மயாமி விளக்காகுமா? சூக்தியோ டப்பாவோடு நீட்டிய அந்தப் பாதி விலை ஜோடி அவள் கண்முன் வந்து நின்றது.

உண்மை அங்கேயே, அந்தச் சுவரிலேயே எழுதியிருந்தது. ஆனால் மனசு இருக்கிறதே, அது எவ்வளவு பெரிய வக்கீல். சூக்தியோதான் மாற்றிக் கட்டிவிட்டானோ? கெர்வினையும் ஏமாற்றிவிட்டானோ? போன் போட்டாள்.

"லைட்டு வலப்பக்கம் ஏறுது, கெர்வின்."

அந்தப் பக்கம் சிரிப்பு. "திருகு கொஞ்சம் தப்பா நின்னிருக்கும். சனிக்கிழமை கொண்டா, சரி பண்ணிடுறேன். இதுக்கா போன் பண்ணே? சாப்பிட்டியா?"

சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டானே. அந்த அக்கறையில் அவள் கேட்க வந்ததெல்லாம் கரைந்துபோனது. திருகைத் திருப்பினால் விளக்கு மேலும் கீழும் போகும், பக்கம் மாறாது என்று அவளுக்குத் தெரியும். அவளுக்குத் தெரியும் என்பது அவனுக்கும் தெரியும். போனை வைத்த பிறகு சமையலறையில் ஜாடியின் மூடியைத் திறந்து முகர்ந்தாள். அன்று ரம் மூக்கில் குத்தியது.

சனிக்கிழமை வருவதற்கு முன்னாலேயே எல்லாம் முடிந்தது.

வியாழக்கிழமை சாயங்காலம், சாம்பல் நிறப் பயிற்சிக் காரில் ஒரு மாணவனை வீட்டில் இறக்கிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தாள். மழை பெய்து ஓய்ந்திருந்தது. எதிரே ஒரு கார் வந்தது. தரையோடு பதுங்கிய உருவம், அவளுடைய சிவப்புக் காரின் ஜாதியேதான், நிறம் மட்டும் வெள்ளி. அதன் வெளிச்சம் அவள் கண்ணைக் குத்தவில்லை. எவ்வளவு அடக்கமாக, எவ்வளவு மரியாதையாக வந்தது அது. ஓரத்துப் புல்லை மட்டும் தடவிக்கொண்டு, எதிரே வருகிறவளைத் தொந்தரவு செய்யாமல். இப்படித்தான் இருக்க வேண்டும் என்று அவள் ஆசைப்பட்ட வெளிச்சம்.

வாழ்க்கையில் முதல் தடவையாக மிஸ் லாலி தன் பாடத்தைத் தானே மீறினாள். வெள்ளைக்கோட்டை விட்டுவிட்டு எதிரே வந்த லைட்டைப் பார்த்தாள்.

அந்த வெள்ளிக் கார் சந்திப்பில், டபிள்ஸ் என்கிற கடலைக்கறி ரொட்டி விற்கும் வண்டிக்காரன் அருகே ஓரம் கட்டியது. லாலியும் காரைத் திருப்பிப் பின்னால் நிறுத்தினாள். கதவைத் திறந்து இறங்கியவள் ரெனெல்.

ரெனெலை அவளுக்கு நன்றாகத் தெரியும். மருந்துக்கடையில் வேலை. புருஷன் விட்டுப்போன துக்கத்தில், முப்பத்தெட்டு வயதில் கார் கற்றுக்கொள்ள வந்தவள். முதல் வாரம் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு அழுததுதான் அதிகம். தேறியதும் அரிமாவுக்கு மாற்றலாகிப் போய்விட்டாள். லாலியைக் கண்டதும் முகம் மலர ஆரம்பித்து, பாதியில் நின்றது.

"மிஸ், எப்படி இருக்கீங்க? ரெண்டு டபிள்ஸ் சொல்லட்டுமா? காரம் கம்மியாத்தானே?"

லாலி வெள்ளிக் காரின் முன்னால் போய், ஈரத் தரையில், வலப்பக்க விளக்கின் எதிரே குந்தினாள்.

மூலையில் விட்டில் இருந்தது. இளம்பச்சை. ஒற்றைச் சிறகை விரித்தபடி, அவள் பார்த்த அதே இடத்தில். மூடியை யாரும் திறக்கவே இல்லை.

"அழகா இருக்குல்ல மிஸ்?" ரெனெலின் குரல் தயங்கித் தயங்கி வந்தது. "அதைத் தொடவே கூடாதாம். மூடியைத் திறந்தா ஒட்டு விட்டுப்போயிடுமாம். எவ்வளவு தூரம் வந்திருக்கு பாவம், இருக்கட்டும்னு சொன்னாரு. நாளெல்லாம் யார்டுல தேடி எடுத்தாராம். எனக்காக."

லாலி எழுந்தாள். விளக்கைக் கொடுத்தானே, அதைக்கூடப் பொறுத்துவிடலாம். அவள் வெயிலில் ஏறி இறங்கிய பகலை, அவள் வாயிலிருந்து வந்த இரக்கத்தை, சொல்லுக்குச் சொல் எடுத்துக்கொண்டு போய் இன்னொருத்தியின் கையில் தன்னுடையது என்று கொடுத்திருக்கிறானே. வீடு புகுந்து திருடுகிறவன்கூட நெஞ்சுக்குள்ளிருந்து இப்படி உருவிக்கொண்டு போக மாட்டான்.

"யாரு, கெர்வினா?" என்று கேட்டாள். தெரிந்தே கேட்டாள்.

ரெனெல் தலை குனிந்தாள். "உங்ககிட்ட சொல்லணும்னு இருந்தேன் மிஸ். நீங்கதான் கிறிஸ்துமஸோட வேணாம்னு சொல்லிட்டீங்களாமே. கல்யாணமெல்லாம் எனக்குச் சரிப்படாதுன்னு. ரொம்ப உடைஞ்சு போயிருந்தாரு. இல்லேன்னா நான் எப்படி மிஸ்..."

லாலி இடக்கையைத் தூக்கிக் காட்டினாள். மோதிரத்தில் டபிள்ஸ் வண்டியின் பல்பு வெளிச்சம் பட்டது.

"கிறிஸ்துமஸ் அன்னிக்குப் போட்டான். ஈஸ்டர் கழிஞ்சு கோயில்ல. கேக்குக்குப் பழம் ஊறிக்கிட்டிருக்கு."

வண்டிக்காரன் நீட்டிய டபிள்ஸ் பொட்டலம் ரெனெலின் கையிலிருந்து கீழே விழுந்தது. வண்டிக்காரன் கேட்காமலேயே புதிதாக ஒன்று சுற்ற ஆரம்பித்தான்.

"ஒரு தடவை உங்களைக் கேட்டிருக்கணும்," என்றாள் ரெனெல். "போனைக் கையில எடுப்பேன், வச்சுடுவேன். கேட்டா உண்மை தெரிஞ்சுடுமேன்னு பயம். என்னையும் டூடூன்னுதான் மிஸ் கூப்பிடுவாரு."

அந்தக் கடைசி வார்த்தை லாலியின் எந்த இடத்தில் பட்டதோ, அவள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். கண்ணைத் துடைக்கவில்லை.

"ஞாயித்துக்கிழமை மத்தியானம் வண்டியை எடுத்துக்கிட்டு அவன் கேரேஜுக்கு வா," என்றாள். "அவன்கிட்ட ஒண்ணும் சொல்லாதே. இந்த ஒண்ணாவது எனக்குச் செய்."

ஞாயிறு மத்தியானம் கெர்வின் கேரேஜ் வாசலில் தொட்டியில் கால் நனைத்தபடி ரேடியோவில் கிரிக்கெட் கேட்டுக்கொண்டிருந்தான். முதலில் சிவப்புக் கார் வந்து நின்றது. "என்ன டூடூ, சனிக்கிழமை ஆளையே காணோம்," என்று எழுந்தான். அடுத்து, அதன் பக்கத்திலேயே, மூக்குக்கு மூக்கு நேராக, வெள்ளிக் கார் வந்து நின்றது. அவன் ரேடியோவை அணைத்தான்.

"ஸ்பேனரை எடு," என்றாள் லாலி.

"லாலி, உள்ள வா, உக்காந்து பேசலாம். நீ நினைக்கிற மாதிரி இல்ல."

"நான் நினைக்கிறதைப் பத்தி உனக்கென்ன தெரியும்? என் லைட்டைக் கழட்டி என் வண்டியில மாட்டு. அப்புறம் பேசு."

"ஒரு லைட்டுக்காகவா இவ்வளவு? அவ வண்டி இன்ஸ்பெக்ஷன்ல தேறல. அவசரம். உனக்கு வேற நல்ல ஜோடி வாங்கித் தரலாம்னுதான் இருந்தேன். சத்தியமா."

"எனக்கு அவசரம்னு சொன்னது நீயா, நானா?" என்றாள் ரெனெல், கார்க் கதவைப் பிடித்தபடி. "நான் உன்னை லைட்டு கேக்கவே இல்லியே. நீயாத்தானே போர்வையில சுத்தி எடுத்துட்டு வந்தே, குழந்தையைத் தூக்கிட்டு வர்ற மாதிரி."

குழந்தை. அதுவும் களவு போன சொல்தான். லாலி கண்களை மூடித் திறந்தாள்.

அவன் ஸ்பேனரை எடுத்தான். இரண்டு பெண்கள் நிழலில் நின்று பார்க்க, ஒரு காரின் பம்பரைக் கழற்றினான், பிறகு மற்றதன் பம்பரைக் கழற்றினான். இத்தனை வருஷமும் அவன் வேலை செய்வதை லாலி ரசித்துப் பார்த்திருக்கிறாள். அந்தக் கை இப்போதும் அதே லாகவத்தோடு ஓடியது. கைக்கு வெட்கம் தெரியவில்லை.

கடைசி போல்ட்டை முடுக்கும்போது லாலி கேட்டாள். "ஒண்ணு மட்டும் சொல்லு. நான் ஓட்டக் கத்துக் குடுக்குறவ. லைட்டு எந்தப் பக்கம் ஏறும்னு ஊருக்கே சொல்றவ. எப்படி என் வண்டியில அதை மாட்டத் துணிஞ்சே? நான் பாக்க மாட்டேன்னா நினைச்சே?"

அவன் நிமிரவில்லை. "ஒன்பது வருஷத்துல நான் செஞ்ச வேலையை நீ ஒரு தடவைகூட சரி பாத்ததில்ல, லாலி."

உண்மை. அன்று அவன் அவளிடம் சொன்னதில் அது மட்டும் உண்மை. அவள் நம்பிக்கைதான் அவன் ஒளிந்துகொண்ட இருட்டு. அடித்திருந்தால்கூட அவளுக்கு அவ்வளவு வலித்திருக்காது.

மோதிரம் சுலபமாகக் கழன்றது. அதை டூல்பாக்ஸில், எந்த அளவு நட்டு என்று தெரியாமல் கலந்து கிடந்த நட்டுகளுக்கு நடுவே போட்டாள்.

"மயாமி லைட்டை இவ வண்டியில மாட்டிடவா?" என்று கெர்வின் யாரையும் பார்க்காமல் கேட்டான்.

"வேணாம்," என்றாள் ரெனெல். "உன் கையால எதுவும் வேணாம்."

"என் பழைய லைட்டு எங்கே?" என்று ரெனெலே கேட்டாள்.

"தூக்கிப் போட்டுட்டேன்."

வெள்ளிக் காரின் முகத்தில் இரண்டு வெற்றுக் குழிகள். வெயில் சாய்ந்துவிட்டது. வலென்சியாவிலிருந்து அரிமாவுக்குப் போகும் காட்டுச் சாலையில் தெருவிளக்கு கிடையாது. ரெனெல் சாவியோடு தன் காரில் ஏறி உட்கார்ந்தாள். அந்த முற்றத்தில் தன் காரை ஒரு ராத்திரிகூட விட அவளுக்கு மனசில்லை.

லாலியின் வீடு எதிர்த்திசையில் இருந்தது. அவள் சிவப்புக் காரில் ஏறி, எஞ்சினைக் கிளப்பி, லைட்டைப் போட்டாள். பிறகு ஜன்னல் வழியே சொன்னாள்.

"நாலு இண்டிகேட்டரையும் போட்டுக்க. என் பின்னாலேயே ஒட்டி வா. உனக்காகப் பண்றேன்னு நினைச்சுக்காதே. ரோட்டுல மத்தவங்களும் போறாங்க."

"சரி மிஸ்."

"எதிர்ல வர்ற லைட்டை..."

"பாக்க மாட்டேன் மிஸ். கோடு."

இரண்டு கார்களும் மரங்களுக்கு நடுவே போயின. ஜப்பான் வெளிச்சம் இடப்பக்கம் உயர்ந்து, பெரணியையும் ஈரமான வேலிக்கல்லையும் ஒவ்வொன்றாகக் காட்டிக் கொடுத்தது. எதிரே லாரி வந்தது, மேக்ஸி வந்தது. யாரும் அவளைத் திட்டவில்லை. இதே வெளிச்சத்தில்தான் மயாரோவுக்குப் போவதாக இருந்தது, பக்கத்து இருக்கையில் ஒருவன் உட்கார்ந்திருக்க. இருக்கையைத் திரும்பிப் பார்க்காமல் இருக்க அவள் கோட்டைப் பிடித்துக்கொண்டாள்.

வளைவுக்கு முன்னால் எதிரே ஒரு கார் சட்டென்று லைட்டை அடித்துக் காட்டியது. லாலிக்குத் தூக்கிவாரிப் போட்டது. மறுபடியும் தப்பான லைட்டா? கடைசி நேரத்தில் இதிலும் ஏமாற்றிவிட்டானா? இது திட்டா, எச்சரிக்கையா? எதிரே வருகிற ஒரு மனிதனின் வெளிச்சத்தைக்கூட நம்பத் தெரியாமல் அவளை ஆக்கிவிட்டிருந்தான் கெர்வின். வேகத்தைக் குறைத்தாள்.

வளைவு திரும்பியதும், சாலையோரம் நீல விளக்கு சுழல, இரண்டு போலீஸ்காரர்கள் கையைக் காட்டி நிறுத்தச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

லாலி காரை ஓரம் கட்டினாள். இளைய போலீஸ்காரன் குனிந்து பார்த்துவிட்டு, "மிஸ் லாலியா?" என்றான். "பின்னால வர்ற வண்டிக்கு லைட்டே இல்லியே மிஸ். உங்க ஆளா?"

"என்கிட்டக் கத்துக்கிட்டவதான்," என்றாள் லாலி. "லைட்டைக் கழட்டிட்டாங்க. நான் முன்னால போய் வீட்டுல விட்டுட்டு வர்றேன்."

அவன் கையசைத்தான். ஆனால் அவளால் உடனே கியரைப் போட முடியவில்லை. லைட்டை அடித்துக் காட்டிய அந்தக் கார் வளைவுக்கு அப்பால் எப்போதோ மறைந்துவிட்டது. அதை ஓட்டியவன் யாரென்றே தெரியாது. அவளிடம் அவனுக்கு ஆக வேண்டியது ஒன்றுமில்லை. ஆனாலும் உண்மையைச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறான்.

அப்போதுதான், அந்த ஒன்பது வருஷத்துக்கும் சேர்த்து, மிஸ் லாலி ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பின்னால் ரெனெல், நாலு இண்டிகேட்டரும் மினுங்க, ஹாரன் அடிக்காமல் காத்திருந்தாள்.